மூன்றாம் மறுப்பு

பெண் பார்க்க வந்த இடத்தில் கூச்சல் போட்டதால்தான் அந்தக் கருவிக்கு மரியாதை கற்றுக்கொடுக்க வேண்டி வந்தது.

பீளமேட்டில் ஒரு வீடு. மாப்பிள்ளை வீட்டார் பதினொரு பேர் கூடத்தில் உட்கார்ந்து கேசரியை ஸ்பூனால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே குளியலறைப் பக்கம் எரிவாயு கீசர் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கியது. சுவரில் இருந்த மோப்பக் கருவி தனக்கு விதித்திருந்தபடி வீடே அதிர அலறியது. உடனே வெளியேறுங்கள் என்றது. பதினொரு பேரும் வெளியேறினார்கள். திரும்பி உள்ளே வரவில்லை. உயிர் பிழைத்த பதினொருவரில் ஒருவர்கூட நன்றி சொன்னதாகத் தகவல் இல்லை. சகுனம் சரியில்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். பெண்ணின் அப்பா கருவி செய்த கம்பெனியின் மேல் மானநஷ்ட வழக்குப் போட்டார்.

அதற்குள் ஊரில் எல்லா வீடுகளும் மூடிய வீடுகளாகிவிட்டிருந்தன. வெளிக்காற்று சுவாசிக்க லாயக்கில்லை என்றானதும், காற்றைச் சரிசெய்வதைவிட ஜன்னலைச் சரிசெய்வது சுலபம் என்று அரசாங்கம் கண்டுபிடித்து மூடிய வீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜன்னல்கள் இருக்கும், திறக்காது. காற்று வடிகட்டிக் குழாய் வழியே வரும். காலையிலும் மாலையிலும் மின்சாரத்தில் வெந்நீர் போடத் தடை என்பதால் வீட்டுக்கு வீடு எரிவாயு கீசர். மூடிய பெட்டிக்குள் நெருப்பை வைத்துக்கொள்கிற ஏற்பாடாகையால் அறைக்கு அறை ஒரு மோப்பக் கருவி கட்டாயம். அந்தக் கருவியைப் பற்றிச் சட்டம் சொன்னது ஒரே ஒரு வரி. நச்சுவாயு இருந்தால் அது தெரிவிக்க வேண்டும். எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டார்கள். அந்த மறதியில்தான் கோகிலவாணிக்கு வேலை கிடைத்தது.

மூன்று தலைமுறையாகத் தண்ணீர் பம்பு செய்து, தண்ணீர் தீர்ந்ததும் காற்றுக்கு மாறிய கம்பெனி அது. கருவிக்குத் தென்றல் என்று பெயர் வைத்தார்கள். ஜன்னல் திறக்காத வீட்டுக்கு விற்கிற சாமானுக்கு இதைவிடத் துணிச்சலான பெயர் கிடைத்திருக்காது. நிர்வாக இயக்குநர் டாக்டர் அவினாசியப்பன். டாக்டர் பட்டம் எங்கே வாங்கியது என்று கேட்டால் ஒரு தீவின் பெயரைச் சொல்வார். அந்தத் தீவை வரைபடத்தில் தேடிப் பார்த்த அலுவலர் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார்.

கோகிலவாணிக்கு முப்பத்து நான்கு வயது. பொறியியலும் படித்திருந்தாள், நாலு வீட்டுப் பேச்சும் அறிந்திருந்தாள். கம்பெனியில் ‘பேச்சு நயம்’ என்றொரு பிரிவை உண்டாக்கி அதற்கு அவளைத் தலைவியாக்கினார்கள். தென்றலுக்கு அவள் இரண்டு பாடங்கள் சொல்லிக்கொடுத்தாள்.

முதல் பாடம் வீட்டுப் பேச்சு. எச்சரிக்கை என்பது வெளியாள் அதட்டுவது போல இருக்கக் கூடாது. அந்த வீட்டில் புழங்கும் வார்த்தைகளையே பொறுக்கி எடுத்து, வீட்டு மனுஷி சொல்வது போலச் சொல்ல வேண்டும். இது அமோகமாக எடுபட்டது. ஓய்வுபெற்ற தாசில்தார் வீட்டில் தென்றல் ‘தங்கள் மேலான பார்வைக்கு’ என்று ஆரம்பித்தது. புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்தியிருந்த ஒரு வீட்டில், அடுப்பு வாயு கசிவதைக் குழந்தையைக் கூப்பிட்டு, ‘உங்கப்பாகிட்டச் சொல்லு’ என்றது.

இரண்டாவது பாடத்துக்குத்தான் அவளுக்கு விருதாக ஒரு குத்துவிளக்கு கிடைத்தது. விருந்துக்கு வந்தவரிடம் இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க என்கிறோம். முதல் தடவை வேண்டாம் என்பது நாகரிகம். இரண்டாம் தடவை கூச்சம். மூன்றாம் தடவையும் வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாம். அதற்கு மேலும் கரண்டியை நீட்டினால் அது உபசாரம் இல்லை, பிடுங்கல். ஆகவே தென்றல் ஒரு விஷயத்தை வீட்டுக்காரரிடம் மூன்று தடவை மெதுவாகக் கேட்கும். மூன்று தடவையும் வேண்டாம் என்றால் நான்காம் தடவை கேட்காது. குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தில் இதற்கு ‘மூன்றாம் மறுப்பு விதி: தமிழர் பண்பாட்டில் ஊறிய தொழில்நுட்பம்’ என்று பெயர். அந்தப் பக்கத்தில் கோகிலவாணி குத்துவிளக்கோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் புதன்கிழமை அவள் டாக்டர் அவினாசியப்பன் வீட்டுக்குப் போகிற வரைக்கும்.

அவர் வீடுதான் கம்பெனியின் மாதிரி வீடு. அபாய ஒலி ஒரு தடவைகூட எழாமல் அங்கே ஆயிரம் நாள் பூர்த்தியாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை விழா. சென்னையிலிருந்து துறைச் செயலர் வந்து வாசலில் பித்தளைப் பட்டயம் பதிக்கிறார். விழாவில் தென்றலே வரவேற்புரை சொல்ல வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. அதைச் சரிபார்க்கத்தான் கோகிலவாணி போனாள்.

டாக்டரின் மனைவி சாருமதி வாசலுக்கே வந்து கூட்டிப்போய், வீட்டின் வாஸ்துவை முதலில் விளக்கினாள். கீசர் ஈசானிய மூலையில் இருந்தது. ஈசானியம் நீருக்குரியது, நெருப்பு ஆகாது. கீசர் நீரா நெருப்பா என்று வாஸ்து நிபுணர் அரை நாள் யோசித்து, வாயில் வருவது நீர் என்பதால் நீர்தான் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஆனால் கீசரின் புகையை வெளியேற்றச் சுவரில் ஒரு துளை இருந்தது. ஈசானியத்தில் ஓட்டை இருந்தால் லட்சுமி அந்த வழியாகவே போய்விடுவாள். அதனால் துளையை அடைத்து மேலே ஒரு செப்புத் தகடு பதித்தாகிவிட்டது. அப்படியானால் புகை எங்கே போகிறது என்று கோகிலவாணி கேட்டாள்.

“மேல ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள விட்டிருக்கோம்,” என்றாள் சாருமதி. “வெளிய ஒண்ணுமே தெரியாது. நீட்டா இருக்குது பாரு.”

அந்தப் பொய்க்கூரை குளியலறையோடு நிற்கவில்லை. பக்கத்திலிருந்த உதவி அறை வரைக்கும் நீண்டிருந்தது. உதவி அறை என்பது கட்டட வரைபடம் வைத்த பெயர். ஆறடிக்கு எட்டடி, ஜன்னல் கிடையாது, ஒரு கட்டில், ஒரு தென்றல். அங்கேதான் பழனாத்தா இருந்தாள்.

பழனாத்தாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கோபிப் பக்கத்துக்காரி. இந்த வீட்டுக்குச் சமைக்க வந்து மூன்று வருஷம். கோகிலவாணிக்குக் காபி கொண்டுவந்தவள் தட்டை வைக்கும்போது டம்ளரைச் சாய்த்துவிட்டாள். இந்த மாதத்தில் இது ஏழாவது டம்ளர் என்று சாருமதி கூடத்திலிருந்தே சொன்னாள். பழனாத்தா தரையைத் துடைத்தபடி, தலை வலிக்குதுங்க, கிறுகிறுங்குது, அதுதான் என்றாள்.

“இவளுக்கு எப்பவும் இதேதான்,” என்றாள் சாருமதி. “ஒரு வாய் காபி குடிச்சாச் சரியாயிடும். குடின்னா குடிக்கமாட்டா.”

“எனக்குக் காபி ஆகாதுங்க அம்மிணி,” என்று பழனாத்தா கோகிலவாணியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். “நெஞ்சக் கரிக்கும். பொறந்ததுல இருந்து தொட்டதில்லீங்க.”

சாருமதி தொலைபேசியில் பந்தல்காரரைப் பிடித்துக்கொண்ட சமயத்தில் கோகிலவாணி உதவி அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து விசாரித்தாள். வலி எப்போது வருகிறது? விடிகாலையிலும் சாயங்காலமும், எல்லாரும் குளிக்கிற நேரத்தில். வாந்தி? சில நாள். ஊருக்குப் போனால்? அமாவாசைக்கு ரெண்டு நாள் ஊருக்குப் போவேன், அங்க இந்த வலியே இருக்காதுங்க, ஆத்துத் தண்ணி ராசி என்றாள் பழனாத்தா.

கோகிலவாணியின் கண் பொய்க்கூரைக்குப் போயிற்று. வீட்டை விட்டுப் போனால் தீர்ந்துபோகிற தலைவலி எது என்று கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே பாடம் நடத்தியிருந்தார்கள்.

“அக்கா, பஸ்சுல ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு சீட்டுப் புடிப்பாங்கல்ல?”

“ஆமாங்க.”

“நம்ம ரத்தமும் பஸ்சு மாதிரிதான். மூச்சுல வர்ற நல்ல காத்து ஒவ்வொரு சீட்டா ஒக்காந்து ஒடம்பெல்லாம் போகும், எறங்கும். கீசர்ல இருந்து வர்ற இந்த வாயு, துண்டு போட்டு சீட்டைப் புடிக்கிற ஆளு. நல்ல காத்தைவிட எரநூறு மடங்கு பலசாலி. ஒக்காந்தா லேசுல எந்திரிக்க மாட்டான். பஸ்சு ஓடிட்டேதான் இருக்கும், ஆனா நல்ல காத்துக்கு சீட்டு இருக்காது.”

“வாசன ஒண்ணுமே வரலீங்களே.”

“வராது. நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. அதனாலதான் இந்த மெஷினு.”

பழனாத்தா சுவரில் இருந்த தென்றலை அண்ணாந்து பார்த்தாள். இது எங்கிட்ட ஒருநாளும் பேசினதில்லீங்களே, அம்மாகிட்டத்தான் பேசும் என்றாள்.

அது உண்மைதான். அன்றைக்கே அலுவலகத்தில் உட்கார்ந்து கோகிலவாணி அந்த வீட்டுத் தென்றலின் குறிப்பேட்டைப் பிரித்தாள். உதவி அறையில் நச்சுவாயு நாற்பத்தொரு தடவை பதிவாகியிருந்தது. முதல் தடவை தென்றல் சாருமதியின் காதுக்கருவியில் மெதுவாகக் கேட்டிருக்கிறது: உதவி அறையில் காற்று சரியில்லை, கீசரை நிறுத்தட்டுமா? பதில்: ‘இப்ப வேண்டாம், சார் குளிக்கிறாரு.’ இரண்டாம் தடவை: ‘வேலைக்காரி ரூமுதானே, கதவைச் சாத்திக்கச் சொல்லு.’ மூன்றாம் தடவை: ‘அவளுக்கு எப்பவும் இதேதான். ஒரு வாய் காபி குடிச்சாச் சரியாயிடும்.’ அதற்குப் பிறகு முப்பத்தெட்டு தடவையும் தென்றல் யாரையும் கேட்கவில்லை. பண்பாட்டில் ஊறிப்போய் வாய் மூடியிருந்தது.

முப்பத்தெட்டு வரிகளுக்கு எதிரிலும் ஒரே காரணம் எழுதியிருந்தது: மூன்றாம் மறுப்பு விதி. விதியை எழுதியவர் பெயரும் வழக்கம்போல அடைப்புக்குள் இருந்தது.

வியாழக்கிழமை டாக்டரைப் பார்த்தாள். அவர் விழா மேடையில் போர்த்திக்கொள்ள வேண்டிய சால்வையின் கரையை உதவியாளரோடு தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். உதவியாளரை அனுப்பிவிட்டு, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்பதில் அவர் கெட்டிக்காரர். அவள் இரண்டு காரியம் கேட்டாள்: செப்புத் தகட்டைப் பெயர்த்துப் புகைத்துளையைத் திறக்க வேண்டும், அதுவரை உதவி அறைத் தென்றலை அலற விட வேண்டும்.

“இங்க பாரும்மா கோகிலா. இன்னிக்கு அது அலறுச்சுன்னா எத்தனாவது நாளு?”

“தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு சார்.”

“தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு நாளுக்கு எந்த ஊர்லயாச்சும் விழா எடுத்துப் பார்த்திருக்கியா?” என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. “நான் என்ன, மாட்டேன்னா சொல்றேன்? திங்கக்கிழமை காலைல மொத வேலை அதுதான். சுவத்தையே ஒடைச்சுப்புடலாம். ஞாயித்துக்கிழமை கழியட்டும்.”

பழனாத்தாவை அதுவரை வேறு இடத்தில் படுக்கவைக்கலாமா என்று கேட்டாள். கூடத்தில் படுக்கவைத்தால் பந்தல்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் கேட்டார். ஊருக்கு அனுப்பலாமே என்றாள். நாற்பது விருந்தாளிக்கு யார் சமைப்பது என்றார். பழனாத்தாவின் மகள் தாரணிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் வாங்கிக்கொடுத்ததே தான்தான் என்பதையும் போகிற போக்கில் சொல்லி, கம்பெனி என்பது ஒரு குடும்பம் என்று முடித்தார்.

கோகிலவாணி தன் இடத்துக்குத் திரும்பினாள். அவள் மேஜையிலிருந்தே அந்த அறைத் தென்றலை அலற வைக்கலாம். ஒரு பொத்தான்தான். ஆயிரம் நாளும் அதோடு போகும், குத்துவிளக்கும் போகும், வேலையும் போகும். அந்தப் பொத்தானை அவள் தொடவில்லை. அதற்குப் பதிலாக, படித்தவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தாள். யாருக்கும் கோபம் வராத ஒரு வழியைக் கண்டுபிடித்தாள்.

அலறினால்தானே அது அபாய ஒலி? அறையில் இருப்பவளிடம் தென்றல் மெதுவாக நேரில் பேசினால் அது வெறும் தகவல். கணக்கில் வராது. எனவே உதவி அறைக்கு மட்டும் ‘நேர்த் தகவல்’ என்று ஒரு வசதியைத் திறந்துவிட்டாள். அத்தோடு, பழனாத்தாவிடம் சொல்லியும் காற்று மோசமாகிக்கொண்டே போனால் தன் கைபேசிக்கும் தெரிவிக்கும்படி தன் எண்ணைச் சேர்த்தாள். தன் சாமர்த்தியத்தில் அவளுக்கே கொஞ்சம் பெருமை உண்டாயிற்று. விஷயம் முடிந்ததும் இதைக் கருத்தரங்கில் கட்டுரையாக வாசிக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

பழனாத்தாவுக்குப் போன் செய்தாள். “அக்கா, இனிமே அந்த மெஷினு உங்ககிட்டயே பேசும். அது என்ன சொல்லுதோ அதை அப்படியே கேட்டு நடங்க. மறந்துராதீங்க.”

“சரிங்க அம்மிணி. அது சொல்றபடி கேட்டுக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் ஏழு மணிக்கே வரத் தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் குளித்தார்கள். அதற்குப் பிறகு பாத்திரம் கழுவ வெந்நீர் ஓடியது. துறைச் செயலர் பத்தரை மணிக்குக் கால் கழுவியதும் வெந்நீரில்தான். கீசர் காலை முழுக்க ஓயவில்லை. பழனாத்தா நாலு மணியிலிருந்து நின்று நாற்பது பேருக்கு இட்லியும் பொங்கலும் செய்து முடித்திருந்தாள். வடையை எடுத்துவந்தபோது கூடத்து நடுவில் தள்ளாடினாள். செயலரின் மனைவி பார்த்துவிட்டாள்.

மேடையோரம் கைபேசியோடு நின்றிருந்த கோகிலவாணி, சற்றுப் பொறுத்துப் பழனாத்தா எங்கே என்று சாருமதியிடம் விசாரித்தாள். தலை வலிக்குதுன்னா, ரூம்ல போய்ப் படுன்னு அனுப்பிச்சுட்டேன் என்றாள் சாருமதி. நல்ல நாளும் அதுவுமா விருந்தாளி முன்னாடி விழுந்துவெச்சா அசிங்கமில்லையா?

கோகிலவாணி உதவி அறைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள். அதே நேரத்தில் டாக்டர் மேடையிலிருந்து அவளைப் பார்த்துக் கண்ணசைத்தார், வரவேற்புரைக்கு நேரமாகிவிட்டது. அறையில்தான் தென்றல் இருக்கிறதே, அது சொல்லும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மனசில் பாரம் குறைந்தது.

தென்றல் வரவேற்றது. குரல் தேனாக இருந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் டாக்டர் பேச எழுந்தார். காற்றைப் பற்றி ஆரம்பித்து, காற்றைப் போலவே எங்கும் பரவி, எதிலும் நிற்காமல் பேசினார். தன் தாத்தா பம்பு செய்தது, அப்பா பம்பு செய்தது, பஞ்சபூதங்களில் இரண்டைத் தன் குடும்பமே பார்த்துக்கொள்வது.

கோகிலவாணியின் கைபேசி அன்று காலையிலிருந்து எறும்பாக அரித்துக்கொண்டிருந்தது. லிஃப்ட் நின்றுவிட்டது, பூங்கொத்து எங்கே, டிரைவருக்கு டிபன் உண்டா. அதற்கு நடுவே ஒரு தடவை அதிர்ந்தது. பார்த்தாள். ‘உதவி அறை: பழனாத்தாவிடம் சொல்லிவிட்டேன். காற்று இன்னும் மோசமாகிறது. நீங்கள் வருகிறீர்களா?’ சொல்லியாகிவிட்டது என்பதுதான் அவள் கண்ணில் பட்டது. சொன்னால் எழுந்து வெளியே வந்துவிடுவாள். ‘பிறகு’ என்பதை அழுத்தினாள்.

சற்றைக்கெல்லாம் மறுபடி அதிர்ந்தது. அதே வாசகம். டாக்டர் பேச்சுக்கு நடுவில் அவள் கையையே பார்த்தார். ‘பிறகு.’

மூன்றாம் தடவை அவள் படிக்கவே இல்லை. கட்டைவிரல் தானாகவே இடத்தைத் தெரிந்துவைத்திருந்தது.

அதன் பிறகு கைபேசி அமைதியாகிவிட்டது. பழனாத்தா வெளியே போய்விட்டாள் போலிருக்கிறது என்று கோகிலவாணி நினைத்தாள்.

பட்டயம் பதித்து, சால்வை போர்த்தி, படம் பிடித்து முடிக்கப் பன்னிரண்டேகால் ஆயிற்று. விருந்தாளிகள் பாயசத்துக்கு உட்கார்ந்தபோது அவள் உதவி அறைக் கதவைத் திறந்தாள். கதவு உள்ளிருந்து நன்றாகச் சாத்தியிருந்தது. பழனாத்தா கட்டிலில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடும் நகமும் மருதாணி வைத்தது போலச் சிவந்திருந்தன. பின்னாலேயே எட்டிப் பார்த்த சாருமதி, பாரு எவ்ளோ களையாத் தூங்கறா, நான் சொன்னேனில்ல என்றாள்.

கட்டிலடியில் ஒரு டம்ளர் இருந்தது. அதில் பாதி குடித்த காபி.

கோகிலவாணி அவளை இழுத்து வெளியே கொண்டுவந்தாள். கத்தினாள். தென்றல் செய்ய வேண்டிய வேலையை அப்போது அவளே செய்தாள், நாற்பது பேருக்குக் கேட்கும்படி. செயலர் பின்வாசல் வழியாகக் கிளம்பிப் போனார். ஆம்புலன்சில் வந்தவர் நாடியைப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்குன்னு எழுதட்டுங்க என்று கேட்டார்.

குறிப்பேட்டை அவள் அன்று மாலை அலுவலகத்தில் தனியாகத் திறந்தாள். விழா வேலையில் முந்தின இரண்டு நாளும் வாயு வந்த நேரத்தில் பழனாத்தா அறையில் இல்லை. உதவி அறையில், பத்து ஐம்பத்திரண்டுக்குத் தென்றல் முதல் முதலாகப் பழனாத்தாவிடம் பேசியிருக்கிறது. வேலையாளிடம் எப்படிப் பேசுவது என்று அதற்கு யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வீட்டில் இந்த விஷயத்துக்கு என்ன வார்த்தைகள் புழங்கினவோ அவற்றைப் பொறுக்கிக்கொண்டது. அதுதான் முதல் பாடம்.

10:52. ‘பழனாத்தா, காத்து சரியில்ல. உனக்கு எப்பவும் இதேதான். ஒரு வாய் காபி குடி, சரியாயிடும்.’

10:55. அறையில் ஆள் இல்லை.

10:59. ஆள் திரும்பி வந்தது. கையில் சூடான பொருள்.

11:04. ‘காத்து இன்னும் சரியில்ல. கதவைச் சாத்திக்க.’

11:05. கதவு சாத்தப்பட்டது.

11:09, 11:13, 11:18. பொறுப்பாளரிடம் கேட்கப்பட்டது. பதில்: பிறகு. பிறகு. பிறகு.

11:18. மூன்றாம் மறுப்பு. இனிக் கேட்பதில்லை.

பழனாத்தா அறையை விட்டு எழுந்து போயிருக்கிறாள். நாலு நிமிஷம் அடுக்களையில் நின்று, ஆயுசில் தொடாத காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு, மறுபடி அந்த அறைக்கே வந்திருக்கிறாள். சொன்னபடி கேட்டு நடந்திருக்கிறாள்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். மூவரும் குறிப்பேட்டை நிதானமாகப் படித்தார்கள். கருவி சம்பந்தப்பட்டவருக்கு, அவருடைய தாய்மொழியில், எளிய, ஆறுதலான சொற்களில், இரண்டு தடவை தகவல் தெரிவித்திருப்பதால் சட்டத்தின் தேவை பூர்த்தியாகியிருக்கிறது என்று எழுதினார்கள். பொறுப்பாளர் பிறகு என்று சொன்னது மறுப்பாகாது, ஒத்திவைப்புதான் என்று கோகிலவாணியின் பெயரையும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அது அவள் கேட்காமலே நடந்தது. தகவல் எதுவும் அபாய ஒலி அல்ல என்பதால் ஆயிரம் நாள் ஆயிரமாகவே நின்று, திங்கட்கிழமை ஆயிரத்தொன்று ஆனது. செப்புத் தகடு அப்படியே இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குச் சுவரை இடிக்கக் கூடாது என்று வாஸ்து நிபுணர் சொல்லிவிட்டார். கீசர் மட்டும் நெருப்புதான் என்று தீர்ப்பை மாற்றி, அதை அக்கினி மூலைக்கு நகர்த்தச் சொன்னார்.

டாக்டர் அவினாசியப்பன் கண் கலங்கினார். அது நடிப்பில்லை. அடுத்த மாதமே, வீட்டு வேலை செய்வோருடன் தென்றல் நேரில் பேசும் வசதியை எல்லா வீடுகளுக்கும் விரிவுபடுத்தினார். அதற்குப் ‘பழனாத்தா வசதி’ என்று பெயர் வைத்தார். உருவாக்கியவர் கோகிலவாணி என்று புத்தகத்தில் போட்டார்கள். படம் பழைய படம்தான், குத்துவிளக்கோடு.

தாரணி ஒரு புதன்கிழமை கம்பெனிக்கு வந்தாள். அம்மாவின் சாமான்களை வாங்கிக்கொண்டு போக வரச் சொல்லியிருந்தார்கள். ஒல்லியான பெண், கல்லூரிச் சீருடையிலேயே வந்திருந்தாள். கோகிலவாணி எதிரில் உட்கார்ந்து, ரசீதில் இருந்த பட்டியலை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுச் சரிபார்த்தாள். துணிப்பை ஒன்று. சேலை மூன்று. கைபேசி ஒன்று. எவர்சில்வர் டம்ளர் ஒன்று, பாதி குடித்த காபியுடன். விரல் அங்கே நின்றது.

“அக்கா, இது எங்கம்மாவோடது இல்லீங்க. எங்கம்மா காபி குடிக்காதுங்க.”

அறையில்தான் இருந்தது என்று கோகிலவாணி சொன்னாள்.

தாரணி ரசீதையே பார்த்தாள். அழவில்லை. நர்சிங் படிப்பில் எந்தப் பாடம் வரை வந்திருக்கிறாளோ, அவள் கண்கள் ஏதோ ஒன்றை ஏதோ ஒன்றோடு சேர்த்துக்கொண்டிருந்தன.

“அந்த வாயுவுக்குக் காபி குடிக்கச் சொல்ல மாட்டாங்களே. வெளியதான கூட்டிட்டுப் போகணும். யாருங்க அதைக் குடிக்கச் சொன்னது?”

கோகிலவாணி மேஜையிலிருந்த பேனாவை எடுத்து மூடி, திறந்து, மூடினாள்.

“எங்கம்மா யாரு சொன்னாலும் குடிக்காதுங்க. ரொம்ப நம்புன ஆளு சொல்லியிருந்தாத்தான் குடிச்சிருக்கும். யாருங்கக்கா சொன்னது?”

சுவரில் இருந்த தென்றல் அறையின் காற்று நன்றாக இருப்பதாகப் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. கோகிலவாணி வாயைத் திறந்தாள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்பதைக் காட்டினாள்.

தாரணி கையெழுத்துப் போட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பி நின்றாள்.

“யாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா அக்கா?”

கோகிலவாணி தலை நிமிரவில்லை.

அந்தப் பெண் கொஞ்சம் நின்றாள். நான்காம் தடவை கேட்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.